பாதத்தில் தொடங்கும் பரம்பரை நோய்



நோய்கள் பல தம் வரவை வலியாலும் சுரத்தாலும் அறிவிக்கின்றன. வலி என்னும் உணர்ச்சியையே அழித்துக்கொண்டு வரும் நோய்களும் சில உண்டு. காலில் முள் தைத்ததை உணராமல் ஒருவர் நடந்து செல்வாரானால், முள்ளினும் பெரிய துன்பம் ஒன்று அவர் உடம்பினுள் தொடங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அத்தகைய நரம்பு நோய்களுள், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிவரும் ஒன்றைப் பற்றியும், அதனைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் வழிகளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில் போர்ட்டோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே கொரினோ தெ அந்திராதெ என்னும் நரம்பியல் மருத்துவரிடம், 1939-ஆம் ஆண்டில், 37 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். போர்ட்டோவுக்கு வடக்கே கடற்கரையில் உள்ள போவோவா தெ வார்ஜிம் என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்தவர் அவர். அவருடைய கால்களில் உணர்ச்சி குன்றியிருந்தது, நடை தளர்ந்திருந்தது. மருத்துவ நூல்களில் தாம் கற்ற எந்த நோயோடும் இது பொருந்தவில்லை என்பதை அந்திராதெ கண்டார். ஆனால், அப்பெண்மணிக்கோ அது புதிய நோய் அன்று. அவருடைய ஊரில் பலருக்கு அது வந்திருந்தது. ‘சின்னப் பாதங்களின் நோய்’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் அவ்வூரார் அதற்கு இட்டிருந்தனர்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவ உலகம் அறியாத நோயை ஒரு மீனவர் குப்பம் அறிந்திருந்தது. எந்தக் குடும்பத்தில் வரும், எந்த வயதில் வரும், எந்த உறுப்பில் தொடங்கும் என்பனவெல்லாம் அங்குள்ள பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தன. அந்திராதெயின் பெருமை, அவர்கள் சொல்லைச் செவிமடுத்தது. வீடு வீடாக வம்சாவளிகளைத் திரட்டி, பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1952-ஆம் ஆண்டில் ‘பிரெயின்’ என்னும் மருத்துவ இதழில் அந்நோயை உலகிற்கு விளக்கினார். 1968-ஆம் ஆண்டில் ஜப்பானிலும் இந்நோயுள்ள குடும்பங்கள் விவரிக்கப்பட்டன. சுவீடன் நாட்டின் வடபகுதியில் ஷெலெப்தியோ, பீத்தியோ ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் இது மிகுதி என்பது பின்னர்த் தெரியவந்தது.

நோயின் காரணம் யாது? நமது கல்லீரல் ‘டிரான்ஸ்தைரெட்டின்’ என்னும் ஒரு புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. தைராய்டுச் சுரப்பியின் நீரையும் ‘ஏ’ வைட்டமினையும் உடம்பெங்கும் சுமந்து செல்வது அதன் தொழில். நான்கு துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு மூலக்கூறாக அமைந்தது அப்புரதம். ஒவ்வொரு துண்டிலும் 127 அமினோ அமிலங்கள் மணிமாலையின் மணிகளைப்போல் கோக்கப்பட்டுள்ளன. போர்ச்சுகல் குடும்பங்களில் முப்பதாவது மணி மாறியிருக்கிறது. வேலின் என்னும் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெதயோனின் அமர்ந்திருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் நான்கு துண்டுகளின் பிணைப்பு தளர்கிறது. பிரிந்த துண்டுகள் உருத் திரிந்து, கரையாத நுண்ணிய நார்களாக ஒட்டிக்கொள்கின்றன. ‘அமிலாய்டு’ எனப்படும் இந்த நார்கள் நரம்புகளிலும், இதயத்திலும், குடலிலும், கண்ணிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து அவ்வுறுப்புகளைச் சிதைக்கின்றன. இதே புரதத்தின் மரபணுவில் நோய் விளைக்கும் மாற்றங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன.

தந்தை, தாய் ஆகிய இருவருள் ஒருவரிடம் இந்த மாறிய மரபணு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. மாமன் மகளை மணந்ததால் வந்த நோய் என்று சிலர் எண்ணக்கூடும், அவ்வெண்ணம் தவறானது. உறவில் திருமணம் செய்வதால் மிகும் நோய்கள் வேறு வகையின. அவற்றில் தாய் தந்தை இருவழியிலும் குறை வந்து சேர வேண்டும். இதற்கோ ஒருவழி போதும்.

மரபணு வந்துவிட்டதாலேயே நோயும் வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. போர்ச்சுகலில் பெரும்பாலோர்க்கு முப்பது வயதை ஒட்டி நோய் தலைகாட்டுகிறது. அதே மரபணு மாற்றம் உடைய சுவீடன் மக்களுக்கோ சராசரியாக ஐம்பது வயதைக் கடந்த பின்னரே தொடங்குகிறது. பலர் நோயின் அடையாளம் எதுவுமின்றி முதுமை எய்துகின்றனர். ஆகவே, தந்தை எண்பது வயது வரை நலமாக வாழ்ந்திருக்க, மகள் நாற்பதில் நோயுறுவதும் நேர்கிறது. அந்திராதெ ஆராய்ந்த குடும்பங்களில் பெற்றோரைவிடப் பிள்ளைகள் இளவயதிலேயே நோய்ப்படுவதும் காணப்பட்டது. ‘எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையாக எவர்க்கும் இல்லை’ என்று ஒருவர் நிம்மதி கொள்வதற்கு இந்நோய் இடந்தருவதில்லை.

நாம் அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பவராதலின், இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். இந்த மரபணுவை உடையவர்களை ஆங்கிலத்தில் ‘கேரியர்’ என்பர். அதனை ‘நோய் சுமப்பவர்’ என்று மொழிபெயர்ப்பது எளிது. அகராதியும் அதற்குத் துணை நிற்கும். எனினும், அச்சொல்லைக் கேட்ட ஒருவர் அன்றைக்கே தம்மை நோயாளியாக எண்ணிக்கொள்வார். அவரைச் சூழ்ந்தவர்களும் அவ்வாறே எண்ணுவர். அவர் சுமப்பது நோயை அன்று. நோய் வரக்கூடும் என்ற வாய்ப்பை மட்டுமே. ‘மரபுக்கூறு உடையவர்’ என்று சொல்வதே பொருந்தும். மரபுக்கூறு உடையவர் எந்த நாளில் நோயாளி ஆகிறார் என்று கண்டறிவதே இன்றைய மருத்துவத்தின் முன் நிற்கும் வினா.

அந்த நாளைக் கண்டறிவதால் ஆவது என்ன என்று கேட்கலாம். நெடுங்காலம் ஆவதொன்றும் இல்லை என்பதே விடையாக இருந்தது. இளவயதில் தொடங்கிய நோய், சிகிச்சையின்றி விடப்பட்டால், ஏறத்தாழப் பத்தாண்டுகளில் உயிரைக் கவர்ந்துவிடும். 1990-ஆம் ஆண்டில் சுவீடனில் இந்நோயாளிகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை தொடங்கப்பட்டது. திரிந்த புரதத்தைச் செய்யும் கல்லீரலை அகற்றிவிட்டால் நோயின் ஊற்று வறண்டுவிடும் என்பது கருத்து. 2011-ஆம் ஆண்டில் ‘தாஃபமிடிஸ்’ என்னும் மாத்திரை ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. புரதத்தின் நான்கு துண்டுகளும் பிரியாதவாறு அது இறுகப் பிணைத்து வைக்கிறது. ‘டைப்ளுனிசால்’ என்னும் பழைய வலி மருந்தும் இவ்வாறே பிணைப்பை இறுக்கி நரம்புச் சிதைவைத் தாமதப்படுத்துகிறது என்று 2013-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் ஊறு செய்யக்கூடிய மருந்தாதலின், டாக்டரின் கண்காணிப்பின்றி அதனை உண்ணலாகாது. 2018-இல் ‘பாடிசிரான்’ என்னும் மருந்து வந்தது. மரபணுவின் கட்டளை கல்லீரலில் புரதமாக உருப்பெறுவதற்கு முன்பே, இடைவழியில் அதனைத் தடுத்துவிடும் முறை இது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்னும் ‘வுட்ரிசிரான்’ 2022-இல் ஒப்புதல் பெற்றது.

இவற்றுள் பல மிகுந்த விலையுடையன. விலையைக் காட்டிலும் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்மருந்துகள் சிதைவைத் தடுத்து நிறுத்துவதில் வல்லவை. சிதைந்து முடிந்த நரம்பை முழுதும் மீட்பது இவற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. தன் காலால் நடப்பவருக்கு மருந்து தொடங்கினால் அவர் நெடுங்காலம் நடப்பார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபின் தொடங்கினால், எழுந்து நடப்பார் என்று உறுதி கூற இயலாது. முன்பு, அறிந்தும் பயனில்லை என்பதால் அறியாமை ஓர் ஆறுதலாக இருந்தது. இன்று அறியாமையால் இழக்கப்படுவது கை, கால், உயிர் ஆகும்.

தொடக்கத்தைக் கண்டறிவதில் ஒரு தடை இருக்கிறது. நரம்பு என்று நாம் கூறுவது ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கயிறு போன்றது. அவ்விழைகளுள் பருத்தவை உண்டு. மிக மெல்லியவையும் உண்டு. தசையை அசைப்பதும், தொடுவுணர்ச்சியையும் அதிர்வையும் கொண்டு செல்வதும் பருத்த இழைகள். வலி, சூடு, குளிர் ஆகியவற்றை அறிவிப்பன மெல்லிய இழைகள். வியர்வை, குடலின் அசைவு, இரத்த அழுத்தம் முதலிய நம் விருப்பத்திற்கு உட்படாத செயல்களை நடத்துவனவும் மெல்லிய இழைகளே. இளவயதில் வரும் இந்நோய் மெல்லிய இழைகளையே முதலில் தின்கிறது. மருத்துவ நிலையங்களில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனையோ, நரம்பில் மின்சாரத்தைச் செலுத்தி அது எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளப்பது. அச்சோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கும். ஆகவே நோய் தொடங்கிவிட்ட ஒருவரிடமும், ‘நரம்புகள் நன்றாகவே உள்ளன’ என்ற சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவது உண்டு. கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. கருவிக்கு எட்டியதைச் சொன்னார். பெற்றவரோ அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலின் எரிச்சலைத் தம் மனத்தின் பிரமை என்று கருதத் தொடங்குகிறார்.

மெல்லிய இழைகளை அறிய வேறு சோதனைகள் உண்டு. சூட்டையும் குளிரையும் சிறிது சிறிதாக மாற்றிப் பாதத்தில் வைத்து, எந்த அளவில் உணரப்படுகிறது என்று காண்பது ஒன்று. கணுக்காலுக்குச் சற்று மேலே மூன்று மில்லிமீட்டர் அளவு தோலை எடுத்து, அதன் மேலடுக்கில் நுழையும் நரம்பு நுனிகளை உருப்பெருக்கியால் எண்ணுவது மற்றொன்று. உள்ளங்கால், உள்ளங்கைகளின் வியர்வைச் சுரப்பிகள் எவ்வாறு பணியாற்றுகின்றன என்று அளப்பதும் உண்டு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, மேலளவு இருபதோ அதற்கு மேலோ வீழ்கிறதா என்று காண்பதற்குப் பெருங்கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. அண்மைக் காலத்தில், நரம்பிழைகள் சிதையும்போது அவற்றினின்று இரத்தத்தில் கசியும் ஒரு புரதத்தை அளக்கும் முறையும் வந்துள்ளது. இச்சோதனைகளுள் எதுவும் தனித்து முடிவு கூறவல்லது அன்று. மரபுக்கூறு உடையவர் நலமாக இருக்கும்போதே ஒரு முறை எல்லாவற்றையும் அளந்து குறித்து வைத்துக்கொண்டு, பிறகு ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிட்டு வருவதே நெறி. குடும்பத்தில் முன்னோர்க்கு நோய் தொடங்கிய வயதைக் கணக்கிட்டு, அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே இக்கண்காணிப்பைத் தொடங்க வேண்டும் என்பது வல்லுநர்களின் அறிவுரை.

கணக்கிடுவதற்கு முன்னோரின் வயது தெரிய வேண்டும் அல்லவா? இங்கேதான் கருவியினும் குடும்பத்தாரின் வாய்மொழி முதன்மை பெறுகிறது. நம்மவரிடையே நோயை மறைப்பது ஒரு வழக்கம். திருமணம் தடைப்படும் என்று மறைப்பர். ஊரார் பேசுவர் என்று மறைப்பர். பிள்ளைகள் அஞ்சுவர் என்று அன்பினாலும் மறைப்பர். பாட்டனார் எவ்வாறு இறந்தார் என்றால், ‘வயிற்றுக் கோளாறு’ என்று ஒருவர் சொல்வார். ‘இதயம் நின்றது’ என்பார் இன்னொருவர். அவர் இளைத்துப் போனதும், நடை தளர்ந்ததும், எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்ததும் எவர் பேச்சிலும் வாரா. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நோயின் உருவம் தெரியும்; தனித்தனியே பார்த்தால் தெரியாது.

தாய்மாநிலத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இத்துன்பம் இரட்டிப்பாகிறது. பெரியப்பா ஓரூரில், அத்தை மற்றோரூரில், நாம் வேறோரூரில் என்று குடும்பம் சிதறிக் கிடக்கிறது. ஊரில் ஒருவர் இறந்தால் செய்தி வருகிறது. எதனால் இறந்தார் என்னும் விவரம் வருவதில்லை. அவ்விவரத்தை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

மொழியின் இடையூறும் உண்டு. காலில் உணர்ச்சியற்ற நிலையை நாம் ‘மரத்துப் போயிற்று’ என்கிறோம். ஊசி குத்துவதுபோல் இருந்தால் ‘குறுகுறுக்கிறது’ என்கிறோம். ‘எரிச்சல்’ என்பது வேறு. ‘பலவீனம்’ என்பது வேறு. இந்தி பேசும் டாக்டரிடம் சென்று, தெரிந்த ஒரே சொல்லாகிய ‘கம்ஜோரி’ என்பதைச் சொன்னால், அவர் பலவீனம் என்று பொருள்கொண்டு டானிக் எழுதித் தருவார். மரத்துப் போதலுக்கு ‘ஸுன்ன்’ என்ற சொல்லும், குறுகுறுப்புக்கு ‘ஜுன்ஜுனி’ என்ற சொல்லும், எரிச்சலுக்கு ‘ஜலன்’ என்ற சொல்லும் உண்டு. சூடான தரையில் கால் வைத்தால் சூடு தெரியவில்லை என்பதைச் சொல்லத் தெரியாவிட்டால் செய்து காட்டலாம். நோயை வருணிக்கும் நான்கு சொற்களைப் புகுந்த ஊரின் மொழியில் கற்றுக்கொள்வது, கடைவீதியில் காய்கறியின் பெயரைக் கற்பதைப் போலவே இன்றியமையாதது.

இவ்வளவும் கேட்டு எவரும் அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. கால் மரத்துப் போதலுக்கு நம் நாட்டில் பெருங்காரணமாக இருப்பது நீரிழிவு. ‘பி12’ வைட்டமின் குறைவு, மதுப்பழக்கம், குஷ்டம் ஆகியவையும் காரணங்களாகும். நாம் பேசிய பரம்பரை நோயுள்ள குடும்பங்கள் இந்தியாவிலும் காணப்பட்டுள்ளன எனினும், அது அரிய நோயே. ஆயினும், பின்வரும் நிலைகளுள் இரண்டு மூன்று ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் செல்வது நன்று: இரு பாதங்களிலும் எரிச்சலோ மரத்துப் போதலோ மேல்நோக்கிப் பரவுதல்; சூடு, குளிர் தெரியாமை; வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறிமாறி வருதல்; காரணமின்றி உடல் இளைத்தல்; எழுந்து நின்றதும் தலை சுற்றுதல்; ஆண்மைக் குறைவு; இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு நெரிபட்டு விரல்கள் மரத்தல்; நரம்பு நோயுடன் இதயத் தசையும் தடித்திருத்தல். குடும்பத்தில் வேறொருவருக்கும் இவ்வாறு இருந்ததாயின், அதனை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் தாமே முன்வந்து சொல்ல வேண்டும்.

மரபணுவை அறியும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சிறிதளவு இரத்தமோ உமிழ்நீரோ போதும். ஆனால், விடை ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரியாததாக ஆக்க இயலாது. ஆகவே, நலமாக உள்ள ஒருவருக்கு அச்சோதனையைச் செய்யுமுன் அதன் விளைவுகளை விளக்கி, எண்ணிப் பார்க்கக் காலம் கொடுக்கும் ஆலோசனை இன்றியமையாதது. வயது வந்தவர்களே தமக்காக முடிவு செய்ய வேண்டும். வயது வந்தபின் தொடங்கும் நோயாதலின், குழந்தைகளுக்கு இச்சோதனை செய்வது முறையன்று. அறிய விரும்பாதவரை வற்புறுத்தலும் ஆகாது. அண்ணன் அறிந்துகொள்ளலாம், தம்பி வேண்டாம் என்னலாம், இருவரும் தம் உரிமையின்பாற்பட்டே நடக்கின்றனர். அறிய விரும்பாத தம்பிக்கும், இப்படி ஒரு நோய் நம் குடும்பத்தில் உண்டு என்ற செய்தி கிடைத்திருக்க வேண்டும். செய்தி கிடைத்தபின் வேண்டாம் என்று ஒதுக்குவது அவருடைய முடிவு. செய்தியையே மறைத்துவிட்டால் முடிவு செய்யும் உரிமையை நாம் பறித்தவர்களாவோம்.

போர்ட்டோ நகரின் மருத்துவமனைக்கு 1939-இல் வந்த அந்தப் பெண்மணிக்குச் செய்யத்தக்க சிகிச்சை அன்று எதுவும் இல்லை. ஆயினும், ‘எங்கள் ஊரில் இது உண்டு’ என்று அவர் வாய்திறந்து சொன்னார். அந்தச் சொல்லை ஒரு மருத்துவர் கேட்டார். இன்று அவ்வூரின் பேரப்பிள்ளைகள் நோய் தலைகாட்டும் பருவத்திலேயே மருந்து பெறுவதற்குத் தொடக்கம் அதுவே. நாமும் அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, வீட்டில் உள்ள முதியோரிடம் அமர்ந்து, தாத்தாவும் பாட்டியும் எந்த வயதில், என்னென்ன குறைகளோடு நோயுற்றனர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோமாக. நிலத்தின் பத்திரத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது, அந்தத் தாளையும் அதனுடன் வைத்து ஒப்படைப்போமாக.